மைல் கணக்கும் மாதக் கணக்கும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நிகழ்ச்சி முடிந்து ஒலிப்பதிவு அறையைவிட்டு வெளியே வந்தால், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கைப்பேசியோடு காத்திருக்கிறார்.

"அக்கா, இதுல எது நல்ல கார்டு?"

திரையில் நான்கு வங்கிகளின் கடன்பற்று அட்டைகள். நான்கிலும் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது.

"எதுக்குத் தம்பி?"

"மைல்ஸ் சேர்த்து அம்மா அப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு."

"ஊரு எது?"

"திருச்சி பக்கம்க்கா, லால்குடி."

அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது. எந்த அட்டை என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஊருக்கு, எந்த விமானத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் பறக்கும் விமானம் லால்குடிக்குப் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

மைல் அட்டை வேலை செய்யும் விதம் எளிது. அட்டையில் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் வங்கி புள்ளி தருகிறது. அந்தப் புள்ளிகளை விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் பெரும்பாலோர் மாற்றுவது சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு. ஒவ்வொரு முறை மாற்றவும் பல வங்கிகள் சுமார் 27 வெள்ளி வாங்குகின்றன. மாற்றிய மைல்களுக்கு மூன்றாண்டுதான் ஆயுள். மைலில் இருக்கை எடுத்தாலும் விமான நிலைய வரிகளைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இனி லால்குடி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறக்கிறது. திருச்சிக்கும் கோவைக்கும் போவது அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட். கிரிஸ்ஃபிளையர் மைலை ஸ்கூட்டிலும் பயன்படுத்தலாம், ஆனால் மதிப்பு குறைந்துவிடும். சென்னை வழியாகப் போகலாம் என்றால், குறைந்த மைலுக்குக் கிடைக்கும் 'சேவர்' இருக்கைகள் தீபாவளிக்கும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் நள்ளிரவில் சென்னையில் இறங்கி, ஆளுக்கு 30 கிலோ பெட்டியோடு அம்மா அப்பாவை எழும்பூருக்குக் கூட்டிப்போக வேண்டும். என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அவருடைய பெட்டிக் கதைகளே எனக்குப் போதும்.

தம்பியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அவர் மாதம் அட்டையில் செலவழிக்கக்கூடியது 1,200 வெள்ளி. பொதுவான மைல் அட்டைகள் உள்ளூர்ச் செலவுக்கு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் தருகின்றன. 1.3 என்று வைத்தால் மாதம் 1,560 மைல், ஆண்டுக்கு 18,720. ஒருவழிக்கு ஆளுக்கு 20,000 மைல் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், மூன்று பேர் போய்வர 120,000 மைல். சேர்த்து முடிக்க ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

தம்பி முகம் வாடியது. "அப்ப கேஷ்பேக் கார்டு?"

அதையும் பார்த்தோம். நிபந்தனை அதிகம் இல்லாத ரொக்கக் கழிவு அட்டைகள் 1.5 முதல் 1.7 விழுக்காடு வரை திருப்பித் தருகின்றன. 1.5 என்றே வைத்தால் ஆண்டுக்கு 216 வெள்ளி. மைல் அட்டையில் சேரும் 18,720 மைலை, மைலுக்கு ஒன்றரைக் காசு என்று நல்ல மனத்தோடு மதிப்பிட்டால் 281 வெள்ளி. வித்தியாசம் 65 வெள்ளி. அதில் மாற்றுக் கட்டணம் 27 போனால் மிச்சம் 38. இந்த 38 வெள்ளிக்காகத்தான் சேவர் இருக்கை தேடி நள்ளிரவில் கண்விழிக்க வேண்டும். ரொக்கக் கழிவாக வந்த 216 வெள்ளியோ ஸ்கூட்டிலும் செல்லும், வேறு எந்த விமானத்திலும் செல்லும்.

மைல் அட்டையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பொங்கோலில் இருக்கும் என் சித்தி மகளும் அவள் கணவரும் இரண்டு சம்பளக்காரர்கள். ஊருக்குப் போவதைவிட ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போவதுதான் அதிகம். விடுப்பைப் பள்ளி நாள்காட்டி பார்க்காமல் எடுக்கலாம். இணையத்தில் வாங்குவதற்கும் வெளியே சாப்பிடுவதற்கும் வெள்ளிக்கு 4 மைல் தரும் சிறப்பு அட்டைகளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கு மாத உச்சவரம்பு உண்டு. 1,000 வெள்ளி வரம்புள்ள ஓர் அட்டையை முழுதாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 48,000 மைல். பிசினஸ் வகுப்பில் அமர ஆசை இருந்தால் மைலின் மதிப்பு இன்னும் கூடும். அவர்களுக்கு இது பொருந்துகிறது.

என் கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் கடைத்தொகுதி ஒன்றில் மேசை போட்டிருந்த வங்கி ஊழியர் ஒரு பயணப்பெட்டியைக் காட்டினார். கருநீலம், நான்கு சக்கரம். குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட தொகை செலவழித்தால் பெட்டி இலவசம். செலவழித்தேன். பெட்டி வந்தது. பின்னாலேயே 3,000 வெள்ளி பில்லும் வந்தது. அதில் 'குறைந்தபட்சத் தொகை 90 வெள்ளி' என்று பார்த்ததும், அட, இவ்வளவுதானா என்று அதையே ஐந்து மாதம் கட்டினேன்.

அந்த 90 வெள்ளி எங்கே போனது என்று பிறகுதான் புரிந்தது. இங்குள்ள கடன்பற்று அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை. 27 என்றால் 3,000 வெள்ளிக்கு மாதம் 67 வெள்ளி வட்டி. கட்டிய 90இல் கடன் குறைந்தது 23 வெள்ளிதான். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அந்த 3,000 வெள்ளிச் செலவுக்கு எனக்குக் கிடைத்த மைல்களின் மதிப்பு 60 வெள்ளிகூட இருக்காது. ஒரே மாத வட்டி அதை விழுங்கிவிட்டது. மற்ற நான்கு மாத வட்டியும் பெட்டியின் விலை. அந்தப் பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது, ஒரு சக்கரம் போய்விட்டது.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஜைரோ பற்றித்தான். மாதாமாதம் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி, அட்டை வந்த வாரமே ஏற்பாடு செய்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை போகும்படி செய்யும் தெரிவும் அதே படிவத்தில் இருக்கும், கவனம். ஏற்கெனவே பல அட்டைகளில் பாக்கி வைத்துத் திணறுகிறவர்கள் மைல் பக்கமே திரும்ப வேண்டாம். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்கு ஆலோசனை தருகிறது.

அடுத்தது, உங்கள் செலவு எதற்கெல்லாம் மைல் தரும் என்பது. காப்புறுதி, நகர மன்றக் கட்டணம், அறக்கொடை, அரசாங்கக் கட்டணங்கள் ஆகியவற்றுக்குப் பல வங்கிகள் புள்ளி தருவதில்லை. சில வங்கிகள் மருத்துவமனை, பள்ளிக் கட்டணங்களையும் தள்ளிவிடுகின்றன. நம் சனிக்கிழமைச் செலவைப் பாருங்கள். தேக்கா நிலையத்தில் மீனும் கறியும் வாங்கினால் ரொக்கம் அல்லது பேநவ். பூக்கடையிலும் அப்படித்தான். முஸ்தஃபாவில் அட்டை செல்லும். சில வங்கிகள் ஐந்து ஐந்து வெள்ளியாகத்தான் கணக்கிடும். 4.80 வெள்ளிக்குத் தோசை சாப்பிட்டு அட்டையை நீட்டினால் மைல் சுழியம். பேருந்து, எம்ஆர்டியில் 2019 முதல் வங்கி அட்டையையே தட்டலாம் என்றாலும், அதற்கு மைல் உண்டா என்று உங்கள் அட்டையின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போனதும் இன்னொரு கண்ணி. தி.நகரில் பட்டுப்புடவை வாங்கிவிட்டு அட்டையைக் கொடுத்தால், "சிங்கப்பூர் டாலரா, ரூபாயா?" என்று இயந்திரம் கேட்கும். பழகிய நாணயம் என்று டாலரை அழுத்தாதீர்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். ரூபாயையே தேர்ந்தெடுங்கள். அப்போதும் வங்கி சுமார் 3.25 விழுக்காடு வெளிநாட்டு நாணயக் கட்டணம் எடுக்கும். 1,000 வெள்ளிப் புடவைக்கு 32.50 வெள்ளி கட்டணம், வெள்ளிக்கு 2.2 என்றால் 2,200 மைல். அதாவது மைலை ஒன்றரைக் காசுக்கு விலைகொடுத்து வாங்குகிறோம். மைல் வேண்டாதவர்களுக்கு யூட்ரிப், வைஸ் போன்றவை மலிவு.

விண்ணப்பிக்கத் தகுதி என்ன என்று கேட்பவர்களுக்கு: 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி. வேலை அனுமதியில் இருப்போரிடம் பெரும்பாலான வங்கிகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. பல மைல் அட்டைகளின் ஆண்டுக் கட்டணம் பொருள், சேவை வரியுடன் 196.20 வெள்ளி. முதலாண்டு பெரும்பாலும் தள்ளுபடி. இரண்டாம் ஆண்டு பில்லில் வந்ததும் தொலைபேசியில் கேளுங்கள், பல நேரம் விட்டுவிடுவார்கள்.

தம்பி அன்றிரவு வீட்டுக்குப் போய்க் கடந்த மூன்று மாதச் செலவையும் எழுதிப் பார்த்திருக்கிறார். அவர் சொன்ன 1,200 வெள்ளியில் காப்புறுதியும் அம்மாவின் மருத்துவமனைக் கட்டணமும் போக, மைல் தரக்கூடியது 700தான். ரொக்கக் கழிவு அட்டை ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஸ்கூட்டில் மூன்று பயணச்சீட்டு, தீபாவளிக்கு இல்லை, விலை குறைவாக இருந்த பிப்ரவரியில். அப்பாவுக்கு வருத்தமாம். அம்மா மட்டும், பிப்ரவரியில் வெயில் ஏறியிருக்காது, அதுவும் நல்லதுதான் என்றாராம்.