சின்ன ஆசைகளும் கைக்குள் வந்த கடைத்தெருவும்



ஒரு பெண் தனக்கென்று செலவழித்தால் அது வீண்செலவு. பிள்ளைக்கும் வீட்டுக்கும் செலவழித்தால் அது கடமை. நம்மிடையே நெடுங்காலமாக இப்படியொரு கணக்கு இருந்து வருகிறது. கணவனை இழந்தவள் என்றால் அந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும். புதுச் சாறி உடுத்தால் ஒரு கதை. பூ வைத்தால் ஒரு கதை. கடையில் நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டால் அதற்கும் ஒரு கதை. போரில் எல்லாவற்றையும் இழந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வாழத் தொடங்கிய நமக்கு ஒரு சின்ன ஆசையும் இருக்கக்கூடாதா?

இருக்கலாம் சகோதரிகளே. இருக்கத்தான் வேண்டும். இம்முறை அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். கூடவே, நம்முடைய ஆசைகளை மோப்பம் பிடித்து வந்து விலை பேசுகின்ற கைத்தொலைபேசியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது பல்லேகலவில். கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் பாதையில், திகனைக்கு முன்னால் வருகின்ற இடம். கிரிக்கெட் மைதானத்தால் பலரும் இந்தப் பெயரை அறிந்திருப்பீர்கள். இங்கே ஒரு கைத்தொழில் வலயமும் உண்டு. வேலை தேடி வன்னியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டி நகருக்குப் போவது எனக்கு ஒரு பழக்கம். மத்திய சந்தையைச் சுற்றி வருவேன். எல்லாவற்றையும் பார்ப்பேன், ஒன்றிரண்டை வாங்குவேன். ஒருமுறை ஏற்றுமதிக்குத் தைத்துச் சிறு பிழையால் கழிக்கப்பட்ட ஒரு மேற்சட்டை அகப்பட்டது. பொத்தான் ஒன்று இல்லை, அவ்வளவுதான். பொத்தானைத் தைத்துப் போட்டபோது அது எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது. இன்னொரு மாதம் ஒரு சட்டித் தயிரும் ஒரு போத்தல் கித்துள் பாணியும் வாங்கி வந்து, கூட இருக்கும் பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிட்டோம். (கித்துள் பாணியில் சீனிப்பாகு கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த இடத்தில் வாங்குவதுதான் நல்லது.)

இந்தப் பக்கத்துக்கே உரிய பொருளென்றால் தும்பறைப் பாய் வேலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஹண என்ற கற்றாழை இனச் செடியின் நாரை எடுத்து, சாயமிட்டு, கையால் நெய்கிறார்கள். இந்தக் கைவினையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெரியதை வாங்க என் கைக்கு எட்டாது. சின்னதாக ஒரு பை வாங்கினேன். நாலு வருடமாகப் பாவிக்கிறேன், இன்னும் பிய்யவில்லை. அதைத் தூக்கும்போதெல்லாம் இன்னொரு பெண்ணின் கைவேலை என் தோளில் இருக்கிறது என்று நினைப்பேன். இப்படியொரு சந்தோஷத்துக்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம்.

முன்பு கடைத்தெரு என்பது நாம் தேடிப் போகிற இடம். பஸ் ஏற வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும், கையில் உள்ள காசை எண்ண வேண்டும். அந்த நேரத்துக்குள் பாதி ஆசை ஆறிவிடும். இப்போது கடைத்தெரு நம்மைத் தேடி வருகிறது. இரவு பிள்ளைகள் படுத்தபின், தனிமையும் பழைய நினைவுகளும் வந்து நெஞ்சில் ஏறுகின்ற நேரத்தில், கைக்குள்ளேயே கடை திறக்கிறது. சாறி, வளையல், முகக்கிறீம், வாசனைத் தைலம். யாரோ ஒரு தங்கை நேரடி ஒளிபரப்பில் சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறாள். “அக்கா, இன்னும் இரண்டே இரண்டுதான் இருக்கு” என்கிறாள். விலையைக் கேட்டால் “இன்பொக்ஸ் வாங்கோ” என்று பதில். விலையை வெளியில் சொல்லாத கடையில் பொருளின் விலை ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு இழுவை? லொத்தர் சீட்டைச் சுரண்டிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் விழுந்தால் அது சம்பளம்போல ஆகிவிடும், பரபரப்பு இராது. ஒருபோதும் விழாவிட்டால் சீட்டை விட்டுவிடுவோம். எப்போதாவது ஒருமுறை விழுவதால்தான் மனம் அதையே சுற்றுகிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கமும் அப்படித்தான். பத்துப் படம் ஒன்றுமில்லை. பதினோராவது மனதைத் தொடுகிறது. உடனே இன்னும் பத்தைத் தள்ளுகிறோம். இது தற்செயலாக அமைந்த ஒன்று அல்ல. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு விளம்பரம் காட்டலாம். விளம்பரம்தான் அவர்களுடைய வருமானம்.

ஒரு விடயத்தை யோசித்துப் பாருங்கள். பேஸ்புக்கில் “லைக்” என்ற பெருவிரல் அடையாளம் வந்தது 2009 பெப்ரவரியில். அந்த மாதம் நம்மில் பலர் எங்கே இருந்தோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. உலகம் பெருவிரலைத் தூக்கிக் காட்டப் பழகியபோது நாம் பதுங்குகுழிக்குள் இருந்தோம். ஆகவே இந்த விளையாட்டின் விதிகளை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, முகத்தை வெள்ளையாக்கும் கிறீம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஓகஸ்டில் சொக்கலேட், ஷாம்பு, வாசனைத் திரவியம் உட்பட 300 பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தியது. அடுத்த மாதம் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. கடைத்தட்டில் இல்லாத கிறீம்கள் அப்போது கைத்தொலைபேசியில் தாராளமாக விலைப்பட்டதை நானே பார்த்தேன். யார் செய்தது, எங்கே செய்தது, உள்ளே என்ன என்று ஒரு எழுத்தும் இல்லாத டப்பாக்கள்.

இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் சில கிழமைகளில் முகம் வெளுக்கும். ஆனால் அது தோலின் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், நரம்பைத் தாக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு. துவாய், தலையணை உறை, கை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போகக்கூடும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை என்ற உலக உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு நாடு. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் நிறுத்துவதென்று அந்த நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. முடிவெடுத்தாலும் களவாக விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.

டப்பாவில் மேர்க்குரி, கலோமெல் போன்ற சொற்கள் இருந்தால் தொடவேண்டாம். “தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்” என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை அடையாளம். ஒன்றுமே எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம். முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று: வெயிலிலும் புகையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய இந்தக் கறுத்த முகத்தில் என்ன குறை?

இரண்டாவது, வெளிநாட்டுப் பார்சல். முகநூலில் ஒருவர் நண்பராகிறார். அன்பாகப் பேசுகிறார். கணவன் காணாமல் போனதையும் பிள்ளைகளையும் பற்றி விசாரிக்கிறார். ஒரு நாள், உங்களுக்கு நகையும் பணமும் பார்சலில் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார். மறுநாள் “சுங்கத்திலிருந்து” அழைப்பு வருகிறது. வரியைக் குறித்த வங்கிக் கணக்கில் போட்டால் பார்சல் கிடைக்குமாம். பார்சலும் இல்லை, நண்பரும் இல்லை. இந்த மோசடியைப் பற்றிச் சுங்கத் திணைக்களமும் பொலிஸாரும் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். சுங்க வரியைத் தனியாளின் வங்கிக் கணக்கில் போடும்படி சுங்கம் ஒருபோதும் கேட்காது. அதேபோல, கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். “ஐந்து நிமிடத்தில் கடன்” என்ற விளம்பரங்களையும் தள்ளிவிடுங்கள். நுண்கடன் பெண்களைப் படுத்திய பாடு நமக்குத் தெரியும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சாறிக்காகக் கடன் எடுத்தால் அந்தச் சாறியை உடுக்கும்போது மனம் நிம்மதியாக இராது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பாரதூரமானது. அது நடந்ததும் எங்கள் பக்கத்தில்தான்.

2018 பெப்ரவரி 26இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மருந்து கலந்த உணவு கொடுக்கிறார்கள் என்றொரு கதை கிளம்பி, வீடியோவாகப் பரவியது. கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அதே நாட்களில் தெல்தெனியவில் வாகனப் பிணக்கொன்றில் தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அந்தத் துக்கத்தை வெறியாக மாற்றும் வேலையைச் சிலர் கைத்தொலைபேசியால் செய்தார்கள். மார்ச் 5ஆம் திகதி திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீடொன்றில் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமானது. அதற்கும் மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் தடைசெய்தது. ஒரு கிழமைக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் தனது தளம் இதில் பாவிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது.

அந்த நாட்களில் நான் இங்கேதான் இருந்தேன். ஊரடங்குச் சட்டம். வெளியில் புகை மணம். எங்கள் வீட்டில் தமிழ்ப் பெண்களும் சிங்களப் பெண்களுமாக ஆறு பேர். ஒவ்வொருத்தியின் கைக்கும் ஒவ்வொரு கதை வந்துகொண்டிருந்தது. வயதில் மூத்த ஒரு சிங்கள அக்கா எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் வாங்கி, அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டார். “சோறு சமைப்போம், கதை வேண்டாம்” என்றார். அன்றிரவு எங்களுக்கு நித்திரை வந்ததற்கு அதுதான் காரணம்.

1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அப்போது கைத்தொலைபேசி இல்லை. வதந்தி வாயால் நடந்தது. இப்போது அது ஒரு நொடியில் ஆயிரம் வீட்டுக்குள் போகிறது. வதந்தியால் வீடு எரிந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம்முடைய விரலால் இன்னொரு சமூகத்தின் வீட்டுக்கு நெருப்புப் போகக்கூடாது, இல்லையா? வளையல் விளம்பரம் வருகிற அதே பக்கத்தில்தான் இப்படியான கதைகளும் வருகின்றன. இரண்டையும் ஒரே விரலால்தான் தள்ளுகிறோம்.

அப்படியானால் கைத்தொலைபேசியை வீசிவிடுவதா? வேண்டாம். வெளிநாட்டில் உள்ள மகனின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். வீட்டிலிருந்தே மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் விற்று அடுப்பெரிக்கும் சகோதரிகளுக்குக் கடைவாசலும் அதுதான். நான் கைக்கொள்ளும் சில வழிகளைச் சொல்கிறேன். பிடித்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

1. ஆசைக்கென்று ஒரு தனி உண்டியல். நாளுக்கு 50 ரூபா போட்டால் மாதம் 1,500, வருடம் 18,250 ரூபா. அந்தக் காசு உங்களுடையது. அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

2. கைத்தொலைபேசியில் பார்த்த பொருளைத் தாளில் எழுதி மூன்று இரவு வையுங்கள். நாலாம் நாளும் வேண்டுமென்றிருந்தால், பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் வாங்குங்கள்.

3. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளிக்கொண்டிருந்தால் வருடத்துக்கு 730 மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பார்த்தால் 91 நாள். இரவு ஒன்பது மணிக்குப் பின் எனது கைத்தொலைபேசி குசினித் தட்டில்தான் இருக்கும். நித்திரை வராவிட்டால் வானொலி கேட்பேன்.

4. கோபத்தையோ பயத்தையோ கிளப்புகின்ற செய்தி வந்தால் மூன்று கேள்வி: யார் சொன்னது? எப்போது நடந்தது? இதை அனுப்பினால் யாருக்கு நன்மை? பதில் தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

5. உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் தனியே அழவேண்டாம். பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. தவறு செய்தது நீங்கள் அல்ல.

கடைசியாக ஒன்று. நம்மில் ஒருத்தி நிறச் சாறி உடுத்து, பொட்டு வைத்து, தன் படத்தை முகநூலில் போட்டால் கீழே வந்து குத்தலாக எழுதுகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பத்து, பதினைந்து வருடம் கண்ணீரோடு இருந்தவள் ஒரு நாள் சிரித்தால், நாம் எழுதக்கூடிய சொல் ஒன்றுதான் உண்டு: “வடிவாயிருக்கு தங்கச்சி.” அதற்குக் காசு செலவில்லை.

இந்த மாதம் உங்களுக்கென்று எதையாவது ஒன்றை வாங்குங்கள். ஒரு முழம் பூவானாலும் சரி, ஒரு சட்டித் தயிரானாலும் சரி. என்ன வாங்கினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.