அந்த எண்ணையும் எழுதுங்கள்



மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் சர்க்யூட் நம் இதழில் வந்ததிலிருந்து தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே புகார்தான். “சார், எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். வைஃபை மட்டும் கனெக்ட் ஆகமாட்டேன் என்கிறது.” கூடவே ஒரு போட்டோ: பிரெட்போர்டு, நடுவில் இஎஸ்பி மாட்யூல், சுற்றிலும் பல நிறத்தில் ஜம்பர் வயர். படம் என்னவோ பளிச்சென்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பதில் சொல்லத்தான் முடியவில்லை.

எங்கே தடைபட்டது என்பது மாட்யூலுக்குத் தெரியும். கேட்டால் சொல்லவும் செய்யும். நாம்தான் கேட்பதில்லை. எல்லோரும் எடுத்துப் போடுகிற மாதிரி புரோகிராமில், இணைப்பு கிடைக்கும்வரை சீரியல் மானிட்டரில் புள்ளி வைத்துக்கொண்டே போகும்படி எழுதியிருக்கும். புள்ளி, புள்ளி, புள்ளி என்று திரை நிறையும்; விஷயம் ஒன்றும் தெரியாது. அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, இணைப்பு அறுந்த காரண எண்ணை அச்சிடச் சொல்லுங்கள். இஎஸ்பி 32-இல் 201 என்று வந்தால், நீங்கள் கொடுத்த பெயரில் எந்த ரவுட்டரும் அதன் கண்ணில் படவில்லை. 15 என்று வந்தால், ரவுட்டர் கிடைத்துவிட்டது, சாவி சரிபார்க்கும் இடத்தில் நின்றுபோனது. அநேகமாக பாஸ்வேர்டில்தான் பிசகு. 201 வருகிறவர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

எண்ணே வராமல் மாட்யூல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறதா? அப்படியானால் புரோகிராமை மூடிவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள்.   சும்மா இருக்கும்போது சொற்ப மின்னோட்டத்தில் ஓடும் சிப், வைஃபையில் சிக்னல் அனுப்புகிற கணத்தில் திடீரென்று நிறையக் கேட்கும். போர் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குமே, அதேபோல் 3.3 வோல்ட் லைன் அந்தக் கணத்தில் சரியும். சாதாரண மல்டிமீட்டரில் இது தெரியாது. அது சராசரியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

பழைய இஎஸ்பி-01 மாட்யூலை யுஎஸ்பி-சீரியல் பலகையின் 3.3 வோல்ட் முனையிலேயே சொருகிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பலகையில் எஃப்டி232ஆர்எல் சிப் இருந்தால், அதிலிருந்து எடுக்கக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான். இஎஸ்பி 8266 சிக்னல் அனுப்பும்போது கேட்பது 170-ஐத் தொடும். இஎஸ்பி 32-க்குக் குறைந்தது 500 தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று தயாரித்த கம்பெனியே சொல்கிறது. ‘பிரவுன்அவுட்’ என்ற சொல் சீரியல் மானிட்டரில் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒல்லியான, நீளமான சார்ஜர் கேபிளை மாற்றுங்கள். மாட்யூலின் சப்ளை முனைகளை ஒட்டியே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். பிரெட்போர்டின் மறுகோடியில் வைத்தால் பிரயோஜனம் குறைவு. மோட்டார் ரிலேயையும் இதே சப்ளையில் ஓட்டுகிறவர்கள் ரிலேக்குத் தனி அடாப்டர் போட்டுப் பாருங்கள்.

“ஆன் செய்ததும் கன்னாபின்னா எழுத்து வருகிறது, சிப் போய்விட்டதா?” என்றும் கேட்கிறார்கள். போகவில்லை. இஎஸ்பி 8266-இன் உள்ளே பதிந்திருக்கும் துவக்க நிரல், 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நினைத்து 115200 வேகத்தில் பேசுகிறது. பலகையில் இருப்பதோ 26. அந்த விகிதத்தில் வேகம் குறைந்து 74880 ஆகிவிடும். சீரியல் மானிட்டரை 74880-க்கு மாற்றினால் ஏன் ரீசெட் ஆனது என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். 2014-இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் சிப்பை வைத்து இந்தச் சின்ன மாட்யூல்கள் கடைக்கு வந்தபோது விளக்கக் குறிப்பு சீன மொழியில்தான் இருந்தது. இதுபோன்ற பல விஷயங்களை ஆர்வலர்கள் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தார்கள்.

இனி 201-க்கு வருவோம். “என் போனில் அதே வைஃபை தெரிகிறதே?” தெரியும். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் கேட்கும். நம்மில் பெரும்பாலோர் கையிலிருக்கும் இஎஸ்பி 8266-க்கும் முதல் இஎஸ்பி 32-க்கும் 2.4 மட்டுமே கேட்கும். (அண்மையில் வந்த சி5 சிப் இரண்டையும் கேட்கும்.) ரவுட்டரில் 2.4-ஐ யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் சோதிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி எல்லாம் கணக்கு.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கும் அன்பர்களுக்கு ஒரு தகவல். பெயருக்கு இடம் 32 பைட்தான். கணினியில் ‘க’வுக்கு மூன்று, அதன் மேல் வைக்கும் புள்ளிக்குத் தனியாக மூன்று. ‘எங்கள் வீடு’ 31 பைட்டில் மயிரிழையில் உட்கார்ந்துவிடும். ‘எங்கள் வீடுகள்’ உட்காராது.

மாட்யூலை இரும்பு சுவிட்ச் பெட்டிக்குள் பூட்டினாலும் 201 வரும். மாட்யூலின் ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதைத் தகரத்துக்குள் அடைத்தால் எதைக் கேட்கும்? நீரும் இந்த அலையை விழுங்கும். ஆகவே ரவுட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவே நிறைந்த தொட்டி நிற்காதபடி இடம் பாருங்கள். சிக்னல் அளவு −60 என்றால் நிம்மதி. −85 என்றால் இன்று ஓடும், நாளை ஓடாது.

வைஃபை கிடைத்து, ஐபி முகவரியும் வந்த பிறகு வரும் கோளாறுகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள் ஒரே புரோகிராமை எடுத்து அவரவர் மாட்யூலில் ஏற்றுகிறார்கள். இருவரும் ஒரே பொது எம்க்யூடிடி சர்வரில் சேர்கிறார்கள். ஒருவருடையது இணைந்தால் மற்றவருடையது அறுகிறது. அது மறுபடி இணைந்தால் இது அறுகிறது. விடிய விடிய இதே கூத்து. ஒரே கிளையன்ட் பெயரில் இன்னொருவர் வந்தால் முன்னவரை வெளியேற்றவேண்டும் என்பது எம்க்யூடிடி விதி. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும்.

இஎஸ்பி 8266-இல் பாதுகாப்பான இணையதள முகவரிகள் மட்டும் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்த மாட்யூலுக்கு அன்று 1970 ஜனவரி 1. சர்வரின் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. முதலில் நேர சர்வரிடம் மணி கேட்டுவிட்டுப் பிறகு சான்றிதழைப் பார்க்கச் செய்யுங்கள்.

ஆகவே இனி எழுதும்போது மாட்யூலின் தகர மூடியில் உள்ள பெயர், எந்த அடாப்டர், காரண எண், சிக்னல் அளவு இவற்றைக் குறிப்பிடுங்கள். போட்டோ இரண்டாம்பட்சம். தொட்டி சர்க்யூட்டின் பிசிபி படம் அடுத்த இதழில் வருகிறது. அதில் ஆன்டெனா பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டி சின்னதாகட்டும் என்று அதை உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்