சூரியக் குடும்பமும் ஒரு தேங்காயும்

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்... எட்டுப் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். (புளூட்டோவை 2006-ல் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்காக இன்னும் வருத்தப்படுபவர்களில் நானும் ஒருவன்.) ஆனால் இவற்றை நமக்கு அறிமுகப்படுத்தும் பாடப்புத்தகப் படம் இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்குக் கோபம்.

போன வாரம் ஏழாம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூனோ விண்கலம் 2011-ல் கிளம்பி 2016-ல்தான் வியாழனை அடைந்தது என்றேன். அவள் புத்தகத்தைக் காட்டி, "பூமிக்குப் பக்கத்துல செவ்வாய், அதுக்குப் பக்கத்துல வியாழன். இதுக்கு அஞ்சு வருஷமாண்ணா?" என்றாள். (வேகம் கூட்டிக்கொள்ள ஜூனோ 2013-ல் பூமிப் பக்கம் திரும்பி வந்துவிட்டுப் போனது என்பது வேறு கதை.) அவள் மேல் தப்பில்லை. படத்தில் கோள்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி இடித்துக்கொண்டு நிற்கின்றன.

சமையலறைக்குப் போனோம். 14 செ.மீ. அகலத் தேங்காயைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால் பூமி ஒரு கடுகு. வெள்ளியும் கடுகுதான். புதனும் செவ்வாயும் ரவை. வியாழன் கோலிக்குண்டு, சனி அதைவிடக் கொஞ்சம் சின்னது. யுரேனஸ், நெப்டியூன் ஆளுக்கொரு மிளகு. இதுவரை விளையாட்டுதான். தூரத்தைக் கணக்குப் போட்டபோதுதான் இருவருக்கும் வாயடைத்துப் போனது. பூமிக் கடுகு 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிலா அந்தக் கடுகிலிருந்து நாலு செ.மீ. கூட இல்லை. மனிதன் கால் பதித்த மிகத் தொலைவான இடம் அதுதான்! வியாழனுக்கு 78 மீட்டர். சனிக்கு 144, எங்கள் தெருவே அதோடு முடிந்துவிட்டது. நெப்டியூன் 450 மீட்டர், பஸ் ஸ்டாப்பையும் தாண்டி. வாயேஜர் 2 அங்கே போய்ச் சேர 1977-லிருந்து 1989 வரை ஆனது.

படம் வரைந்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பூமியை ஒரு செ.மீ.க்கு வரைந்தாலே நெப்டியூன் வரை மூன்றரை கிலோமீட்டர் தாள் வேண்டும். ஆனால் 'அளவுப்படி வரையப்பட்டதல்ல' என்று கீழே ஒரு வரி போடலாமே? போட்டிருந்தாலும் அதை யார் படித்துக் காட்டுகிறார்கள்? பரீட்சையில் வரிசை கேட்பார்கள், நாமும் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அந்த வரிசையை நம்பி, சூரியனுக்குக் கிட்டே இருக்கும் புதன்தான் அதிகச் சூடு என்று கல்லூரி வரும்வரை நானே நினைத்திருந்தேன். உண்மையில் வெள்ளிதான், சுமார் 465 டிகிரி செல்சியஸ். அதைப் போர்த்தியிருக்கும் கரியமில வாயு வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் ஒரு பீரியட் மாணவர்களை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள் என்பதுதான் என் கருத்து. செலவு ஒரு தேங்காய். அதையும் அப்புறம் சட்னி அரைத்துவிடலாம் :-)

அன்று சாயங்காலம் தங்கை ஒரு மிளகோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நான் வாசலில் தேங்காயோடு நின்றேன். பத்தடியிலேயே மிளகு தெரியவில்லை. தெருமுனை திரும்பியதும் அவளும் தெரியவில்லை.