வில்லின் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமா?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் வில்வித்தை வகுப்புக்குப் போகிறாள். மூன்றாகக் கழற்றி மாட்டும் மர ரிகர்வ் வில் ஒன்றை, ஒருவர் பயன்படுத்தியதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். அளந்து பார்த்தால் மேல் பக்கம் கீழ்ப் பக்கத்தைவிட 5 மில்லிமீட்டர் அதிகமாக இருக்கிறது. தெரிந்த பட்டறைக்காரர், கீழ் லிம்பைக் கொஞ்சம் தேய்த்தால் சமமாகிவிடும் என்கிறார். செய்யலாமா?"

வேண்டாம் அம்மணி. உப்புத்தாளை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்த 5 மில்லிமீட்டர் பெரும்பாலும் குறையே அல்ல. வில்லைச் செய்தவர் தெரிந்தே வைத்த அளவு.

இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் டில்லர். நம் ஊரில் டில்லர் என்றால் வயலில் ஓடும் பவர் டில்லர்தான் ஞாபகம் வரும். வில்லில் அது வேறு. நாண் ஏற்றிய பிறகு, கைப்பிடியிலிருந்து மேல் லிம்ப் தொடங்கும் இடத்துக்கும் நாணுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கீழேயும் அதே மாதிரி. மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்தால் வருவது டில்லர்.

சமம்தானே சரி என்று தோன்றும். பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் கடைந்து பழகிய கோவைக் கைக்கு இன்னும் அதிகமாகவே தோன்றும். ஆனால் வில்லை நாம் நடுவில் இழுப்பதில்லை. ஒரு கை கைப்பிடியைத் தள்ளுகிறது. அம்பு அதற்கு மேலே உட்காருகிறது. மறு கையில் ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலும், இரண்டு விரல்கள் கீழும் நாணைப் பிடிக்கின்றன. ஆக, தள்ளும் இடம் தாழ்வு, இழுக்கும் இடம் உயரம். இதை ஈடுகட்டத்தான் கீழ் லிம்பைச் சற்று விறைப்பாக வைக்கிறார்கள். விறைப்பான லிம்ப் குறைவாக வளையும். அதனால் அங்கே நாண் நெருங்கி நிற்கும்.

காளை பூட்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜோடியில் ஒன்று இளைத்த மாடாக இருந்தால் அதன் பக்கம் நுகத்தை நீளமாக விடுவார்கள். அளவு சமமில்லை, வண்டி நேராகப் போகும்.

டில்லர் தவறினால் என்ன ஆகும்? நாணை விட்டதும் இரண்டு லிம்பும் ஒன்றாகத் திரும்பி வராது. வில் கையில் துள்ளும், அம்பின் வால் மேலும் கீழும் ஆடும், அம்புகள் ஒன்று உயரத்திலும் ஒன்று தாழ்விலும் போய்க் குத்தும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தள்ளி நிற்கும் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 12.2 சென்டிமீட்டர்தான். குழந்தை எய்வது அவ்வளவு தூரம் இல்லை என்றாலும், வில்லின் கோளாறைத் தன் கோளாறு என்று நினைத்துத் தோளையும் மணிக்கட்டையும் வளைத்துப் பழகிவிடுவாள். அதைத் திருத்துவது வில்லைத் திருத்துவதைவிடக் கடினம்.

எனவே வரிசையாகப் பாருங்கள்.

முதலில், லிம்புகள் மேல் கீழாக மாறி மாட்டப்பட்டிருக்கிறதா? கழற்றி மாட்டும் வில்லில் அடிக்கடி நடப்பது இது. இழுவிசை எண் பெரும்பாலும் கீழ் லிம்பில்தான் எழுதியிருக்கும். மாறியிருந்தால் மேல் அளவு குறைவாக வரும். உங்களுக்கு மேல் அளவு அதிகம் என்பதால் சரியாகவே மாட்டியிருப்பீர்கள்.

அடுத்து, மகள் நாணை எப்படிப் பிடிக்கிறாள்? அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரண்டு என்றால் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை மேல் அளவு அதிகம் இருப்பது வழக்கம்தான். மூன்று விரலும் அம்புக்குக் கீழே என்றால் இழுக்கும் இடம் தாழ்ந்துவிடும். சமமாகவோ சமத்துக்கு நெருக்கமாகவோ இருப்பது நல்லது. பிடியை மாற்றினால் டில்லரையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, போல்ட். போட்டி வில்களில் போல்ட்டைத் திருகியே டில்லரை மாற்றலாம். இறுக்கினால் அந்த லிம்ப் விறைக்கும், தளர்த்தினால் இளகும். நாணை இறக்கிவிட்டு, ஒரு தடவைக்கு அரைச் சுற்று போதும். ஒன்றை இறுக்கும் அளவுக்கு மற்றதைத் தளர்த்தினால் இழுவிசை அதிகம் மாறாது. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு மேல் தளர்த்தக் கூடாது. பிறகு நாணின் உயரத்தையும் அம்பு மாட்டும் இடத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

உங்களுடையது போன்ற பல மர வில்களில் போல்ட்டின் வேலை லிம்பைப் பிடித்து வைப்பது மட்டுமே. அதைத் தளர்த்தி எய்தால் லிம்ப் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். அங்கே டில்லரை மாற்ற, லிம்புக்கு அடியில் மெல்லிய தகடு வைப்பார்கள், அல்லது தேய்ப்பார்கள். இரண்டும் வில் செய்பவரின் வேலை. தகட்டைத் திரும்ப எடுத்துவிடலாம். தேய்த்ததை ஒட்ட முடியாது, இழுவிசையும் குறைந்துவிடும்.

போல்ட்டே இல்லாத ஒற்றை மர வில்லில், வளைத்துப் பார்த்து விறைத்த பக்கத்தைச் சுரண்டி, மறுபடி வளைத்துப் பார்ப்பதுதான் டில்லர் பிடிக்கும் முறை. நம் கொங்கு மண்ணிலேயே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஓரிக்குப் பாட்டு கிடைத்தது. அந்த வில்லைச் சுரண்டிச் சமன் செய்த கைக்குப் பெயர்கூட இல்லை.

கடைசியாக ஒன்று. இன்றைய அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை அளக்கச் சொல்லி மகளிடமே பொறுப்பைக் கொடுங்கள். 5 மில்லிமீட்டர் அப்படியே இருந்தால் நிம்மதி. திடீரென்று 8, 9 என்று மாறினால் போல்ட் தளர்ந்திருக்கலாம், லிம்பில் விரிசல் விட்டிருக்கலாம், பசை இளகியிருக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவைத்தாலே பசை கெடும். அப்படி மாறிய அன்று ஓர் அம்புகூட எய்ய வேண்டாம், பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அளவு எத்தனை என்பதைவிட, அது நேற்றுப் போலவே இன்றும் இருக்கிறதா என்பதுதான் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு.