ஐகான் இருக்கிறது, புரோகிராம் எங்கே?

கம்ப்யூட்டர் சொந்தக் காசில் வாங்கியது. ஆனால் அதில் போட்ட பழைய சாப்ட்வேர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், ஐகானை டபுள் கிளிக் பண்ணுங்க, ஓடும்" என்கிறார்கள். ஓடுகிறவரைக்கும் சரிதான்.

டாஸ் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. டர்போ சி போட்டால் சி டிரைவில் 'டிசி' என்று ஒரு டைரக்டரி. எழுதிய புரோகிராம்களும் பெரும்பாலும் அதற்குள்ளேயே குப்பையாகக் கிடக்கும். அசிங்கம்தான். ஆனால் அதை அப்படியே இன்னொரு மெஷினின் சி டிரைவில் காப்பி செய்தால் வேலை முடிந்தது.

இன்றைக்கு? 64 பிட் விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ் ஒன்றல்ல, இரண்டு. பழைய 32 பிட் சாப்ட்வேர்கள் 'எக்ஸ்86' என்று வால் முளைத்த இரண்டாவதில். சிஸ்டம் ஃபைல்கள் கதை இன்னும் வேடிக்கை: 64 பிட் ஃபைல்கள் 'சிஸ்டம்32' ஃபோல்டரில், 32 பிட் ஃபைல்கள் 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில்! பெயர் வைத்த மகராசன் வாழ்க.

இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத விஷயம் 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவோடு ஆரம்பித்தது. பழைய புரோகிராம் ஒன்று தன் டேட்டாவைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள், எழுதப் பார்க்கிறது. விண்டோஸ் தடுப்பதில்லை. "எழுதியாயிற்று" என்று அதனிடம் பொய் சொல்லிவிட்டு, அந்த ஃபைலை 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. புரோகிராமுக்கும் தெரியாது, உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கும் தெரியாது.

ஒரு மளிகைக்கடைக்காரர் பத்து வருடக் கணக்கை இப்படி ஒரு பழைய சாப்ட்வேரில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்மட் போடும் முன் பொறுப்பாக புரோகிராம் ஃபைல்ஸில் அந்த ஃபோல்டரைத் தேடிப்பிடித்து பென் டிரைவில் காப்பி செய்கிறார். காப்பியானது இன்ஸ்டால் செய்த அன்று இருந்த காலி ஃபைல். பத்து வருடக் கணக்கு பார்மட்டோடு போச்சு. அவர் செய்த தப்பு என்ன?

"பாதுகாப்புக்காகச் செய்தது" என்பார்கள். உண்மைதான். எக்ஸ்பி காலத்தில் முக்கால்வாசிப் பேர் அட்மினிஸ்ட்ரேட்டராகவே உட்கார்ந்திருந்தார்கள். வைரஸ் நினைத்த இடத்தில் எழுதியது. பூட்டுப் போட்டது நியாயம். பூட்டுப் போட்டதைச் சொல்லாமல் விட்டது எப்படி நியாயம்? விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் அந்த ஃபைல்களைக் காட்ட எக்ஸ்ப்ளோரரில் ஒரு பட்டன் இருந்தது. அதைக் கவனித்தவர்கள் கை தூக்கலாம்! இன்றைய செட்டிங்ஸில் சாப்ட்வேர் பட்டியலைத் திறந்தால் பெயர், சைஸ், தேதி எல்லாம் வருகிறது. இருக்கிற இடம் மட்டும் வராது. ஒரு வரி கூடுதலாகப் போட்டால் மைக்ரோசாப்டின் குடி முழுகிவிடுமா?

அந்த வரி வரும்வரை வழி இதுதான். புரோகிராமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்தால் வீடு தெரியும். டேட்டாவுக்கு சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் யூசர் பெயர், அதற்குள் ஆப்டேட்டா (மறைத்து வைத்திருப்பார்கள், வியூ மெனுவில் வெளியே இழுக்க வேண்டும்), லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர். அங்கே பழைய புரோகிராம் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால், முதலில் காப்பி செய்ய வேண்டியது அதைத்தான். பார்மட் அப்புறம்.