காற்று திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டால் வேதாரண்யம் கரையோரத்தில் பேச்சே மாறிவிடும். அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும், ஆளாளுக்குக் கைபேசியில் புயல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்குகிறோம். கஜா புயல் அப்படித்தான் எங்களைக் காக்க வைத்தது. 2018 நவம்பர் 11-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். 16-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகுதான் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இடையில் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே, நாகையை ஒட்டிக் கடக்கும் என்றார்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கரை கிடக்கிறது.

1977 நவம்பரில் நாகையை அடித்த புயலில் 500-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். ஆனால் கஜா கரை தொடுவதற்கு முன்பே பல மாவட்டங்களில் 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வீடு வீடாகத் தட்டி எழுப்பிய வருவாய்த் துறைக்காரர்களையும் காவலர்களையும் இந்தக் கரை நன்றியோடுதான் நினைக்கிறது. நான் எழுதுவது அப்படித் தட்டியும் வராமல் நின்றவர்களைப் பற்றி.

அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அருகில் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போகத் தடை வந்த அன்றே ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி, இரண்டு பேர் தூக்கி வந்து வீட்டுக்குள் வைக்கிறார்கள். வலையை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றுகிறார்கள். அந்தப் பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் கீற்றைப் போட்டுக் கயிறு கட்டுகிறார்கள். வட்டிக்கு வாங்கிய பணம் முழுக்க இவற்றில் கிடக்கும்போது, குடும்பத்தை முகாமுக்கு அனுப்பிவிட்டு ஓர் ஆள் மட்டும் பின்தங்குகிறார். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: தண்ணீர் என் வாசல் வரை வருமா, காற்று எந்தப் பக்கமிருந்து எப்போது அடிக்கும், நான் போய்விட்டால் இதற்கெல்லாம் யார் பொறுப்பு? எங்களுக்கு வரும் எச்சரிக்கையில் இந்த மூன்றுக்கும் பதில் கிடைப்பதில்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புயல் கிழக்கிலிருந்து வந்து நம் ஊருக்கு நேரே ஏறினால் முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். வாடையை நினைத்துத்தான் நாங்கள் படகைக் கட்டுகிறோம், கதவுக்கு முட்டுக் கொடுக்கிறோம். புயலின் கண் பகுதி மேலே வந்ததும் காற்று சட்டென்று விழுந்துவிடும். புயல் போய்விட்டது என்று ஆட்கள் டார்ச் எடுத்துக்கொண்டு படகைப் பார்க்கவும் ஆட்டை அவிழ்க்கவும் வெளியே வருவது அப்போதுதான். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து, சோழகம் வீசும் திசையில், அதே வேகத்தோடு அடிக்கும். வடக்குப் பக்கம் இறுக்கிய கயிறு அப்போது எதற்கும் உதவாது. முதல் காற்றுக்குத் தாக்குப்பிடித்த தென்னைகள் இரண்டாம் காற்றில் விழுந்ததாகக் கஜாவைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புவதால் எங்களுக்கு இது இன்னும் முக்கியம். கிழக்கு நோக்கிய கரையில், புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குள் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வரும். கண் கடந்த பிறகு வீசும் தென்காற்று பாக் நீரிணைத் தண்ணீரை முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தள்ளும். ஒரே புயல்தான், ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஆபத்து வரும் திசையும் நேரமும் வேறு. கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு, நமக்குத் தூரம்தானே என்று ஆறுதல் அடைபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு விஷயமும் இப்படித்தான். 8-ம் எண்ணைவிடப் 10-ம் எண் கொடியது என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பேராபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைத்தான் அப்படிப் பிரித்துக் காட்டுகிறார்கள். கப்பல்காரர்களுக்காக ஏற்பட்ட குறியீடு அது. எட்டாம் கூண்டு என்று கேட்டு ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி முதல் கேள்வி, தண்ணீர். வானிலை அறிக்கையில் வழக்கமான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர் அளவுக்குக் கடல் எழும்பும் என்பது போல வரும். அதை உங்கள் அலுவலகம் ஊர்வாரியாக மாற்றித் தர வேண்டும். ஒவ்வொரு மீனவ ஊரிலும் மின்கம்பத்தில் வண்ணக்கோடு போடுங்கள். இந்தப் புயலுக்குத் தண்ணீர் சிவப்புக் கோடு வரை வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு கைபேசி கோபுரங்களும் அடங்கிவிடுகின்றன. ஆகையால் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் ஒலிபெருக்கிகளைப் பேட்டரியில் இயங்கும்படி செய்து, கண் கடக்கும் நேரத்தில் "இன்னும் முடியவில்லை, யாரும் வெளியே வராதீர்கள்" என்று சொல்ல ஊருக்கு ஓர் ஆளை வையுங்கள்.

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் ஆட்களை நகர்த்தும். கடலுக்குப் போகத் தடை வந்த அன்றே மீன்வளத் துறை ஊழியர்கள் கரைக்கு வந்து, படகு எண்ணையும் எஞ்சினையும் வலையையும் உரிமையாளரோடு சேர்த்துப் படம் பிடித்துப் பதிவு செய்து, ஒரு சீட்டுத் தரட்டும். சேதமானால் அந்தச் சீட்டே சாட்சி என்று ஆணை இருக்கட்டும். இழந்த பொருள் தன்னிடம் இருந்தது என்பதைப் புயலுக்குப் பிறகு நிரூபிக்க அலைய வேண்டியதில்லை என்று தெரிந்தால், அந்தக் கடைசி ஆளும் முகாம் வண்டியில் ஏறுவார். ஆடுமாடுகளுக்கு முகாமின் பக்கத்திலேயே ஒரு மேட்டை ஒதுக்கினால், நடு ராத்திரியில் ஊருக்குத் திரும்பி ஓடும் பெண்கள் குறைவார்கள். முகாமைவிட்டுப் பெண்கள் கிளம்புவது பெரும்பாலும் கட்டிவிட்டு வந்த ஆட்டுக்காகத்தான்.

இவை எதற்கும் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஊர்ப் பஞ்சாயத்தாரையும் சுயஉதவிக் குழுப் பெண்களையும் அழைத்து, கோடு எந்தக் கம்பத்தில், மேடு எந்த இடத்தில் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்காமல் கரையிலேயே வைத்தால் படகுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் கரையோரவாசி ஒருவர்