பாரிசவாதம்: மணிக்கூட்டைப் பாருங்கள்



மூதூர், குச்சவெளிப் பக்கம் நான் போய்வரும் வீடுகளில், பாரிசவாதத்தில் விழுந்தவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது பெண்தான். கூலிக்குப் போகாமல் நிற்பதும் அவள்தான். போரில் துணையை இழந்தவளுக்கு இது இன்னொரு பாரம். இதைக் குறைக்க வழி உண்டு. ஆனால் நேரம் முக்கியம்.

மூளைக்கு இரத்தம் தடைப்பட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அதற்குமுன் அடைப்பா, இரத்தக்கசிவா என்று சி.ரி. ஸ்கானில் பார்க்கவேண்டும். கசிவென்றால் அந்த ஊசியே ஆபத்து.

இதைத் தீர்மானிக்கும் நரம்பியல் நிபுணர் எல்லா ஊரிலும் இல்லை. அதற்காக வந்ததே தொலைமருத்துவம். அமெரிக்காவில் 2000களில் கமராவும் திரையும் பூட்டிய ரொபோ நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்க, நிபுணர் வேறு நகரத்திலிருந்து அதன் வழியே பரிசோதித்தார். இந்தியாவின் மலைநாடான இமாச்சலப் பிரதேசத்தில் 2014இல் தொடங்கிய திட்டம் இன்னும் எளிமையானது. மாவட்ட வைத்தியர் ஸ்கான் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்புவார். தூரத்திலுள்ள நிபுணர் ஆலோசனை சொல்வார். ஊசி அங்கேயே போடப்படும்.

குஜராத்தில் 2018 டிசம்பரில் வைத்தியர் தேஜஸ் பட்டேல், 32 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ரொபோவை இயக்கி இதயக் குழாய் அடைப்பை நீக்கினார். மூளைக் கட்டியை இப்படித் தூரத்திலிருந்து எடுப்பது இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை.

எவ்வளவு கருவி வந்தாலும் வைத்தியர் கேட்கும் முக்கிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" அதற்குப் பதில் வீட்டில் நிற்கும் உங்களிடம்தான் உண்டு.

வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே மணிக்கூட்டைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நூல் கட்டிக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீரோ குளிசையோ வாயில் கொடுக்க வேண்டாம், புரைக்கேறலாம். சற்று நேரத்தில் சுகமானாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும்.

1990 என்றால் எங்களுக்கு இடம்பெயர்ந்து ஓடிய ஆண்டு. இன்று அதுவே இலவச அம்புலன்ஸின் இலக்கம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய இச்சேவை பின்னர் கிழக்குக்கும் வந்தது. தமிழிலேயே பேசலாம். அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், இரவில் விழுவது நீங்களாகவும் இருக்கலாம்.